இரைப்பைப் புற்றுநோயும் வாழ்க்கைப் பழக்கங்களும் : ஒரு வரலாற்று நோக்கு

1881ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 29ஆம் நாள், வியன்னா நகரிலே தியோடர் பில்றொத் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், 43 வயதுடைய பெண்ணொருத்தியின் இரைப்பையிற் புற்றுப் பற்றியிருந்த கீழ்ப்பகுதியை அறுத்தகற்றி, எஞ்சிய பகுதியைச் சிறுகுடலோடு இணைத்தார். அதற்கு முன்னர் இம்முயற்சியில் ஈடுபட்ட இருவரின் நோயாளரும் சில நாள்களுக்குள் மாண்டனர். பில்றொத்தின் நோயாளியோ சிகிச்சையைத் தாங்கி உயிர்தப்பினார். ஆயினும் ஏறத்தாழ நான்கு மாதங்களில் நோய் மீண்டு பரவ இறந்தார். கத்தி கட்டியை அகற்றலாம். ஆயின் வாழ்நாளை நீட்டுவது கத்தி ஒன்றே அன்று என்பதை அந்நான்கு மாதங்கள் உணர்த்தின.

நோயைக் காலத்தோடு கண்டறிதலே முதல் தேவையாயிற்று. இந்நோய் தொடக்கத்திற் சாதாரண அசீரணம் போலவே தோன்றும். இந்நோய் மலிந்திருந்த யப்பானில், 1960ஆம் ஆண்டு மியாகி மாகாணத்திலே எக்ஸ்கதிர்க் கருவி பொருத்திய வண்டிகள் ஊரூராகச் செல்லத் தொடங்கின. 1962இல் தொடக்கநிலைப் புற்று இன்னதென அந்நாட்டு அறிஞர் வரையறுத்தனர். அந்நிலையிற் சிகிச்சை பெறுவோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றின் மேற்பட்டோர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர்.

நோயின் தோற்றத்தை ஆராய்ந்தோர் உணவின் மீதும் கருத்தைச் செலுத்தினர். யப்பானிலிருந்து ஹவாய்த் தீவுகளிற் குடியேறியோரிடையே இந்நோய் மிகுந்தே காணப்பட்டது. அங்கே பிறந்த அவர்தம் மக்களிடையோ பெரிதும் குறைந்தது. குலம் ஒன்றே, வாழ்க்கைச் சூழலும் உணவுமே வேறு. உப்பிலிட்ட மீனும் காய்கறியும் ஐயத்திற்குள்ளாயின. பின்னர், 1982இல் அவுஸ்திரேலியாவிலே பரி மார்சல், றொபின் வொறன் ஆகிய இருவரும் இரைப்பையில் வாழும் கிருமியொன்றை வளர்த்துக் காட்டினர். அதுவே இந்நோய்க்குத் தலையாய காரணமென்பது பிற்காலத்தில் நிறுவப்பட்டது. 2005இல் அவ்விருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. மிகையான உப்பு இரைப்பையின் உட்சவ்வைப் புண்படுத்தி அக்கிருமியின் தீங்கைப் பெருக்குகின்றது.

நோயை வருவிப்பவை இவையாயின், நோயுற்றபின் வாழ்நாளை நிருணயிப்பவை எவை? யப்பானிலே தொடக்கநிலைப் புற்று அகற்றப்பெற்ற 544 பேரை இரு சம கூறாக்கி, ஒரு கூற்றாருக்கு மட்டும் கிருமியை ஒழிக்கும் மருந்து கொடுத்தனர். மூன்றாண்டுகளில், மருந்து பெறாதோருள் 24 பேரிடத்தும் பெற்றோருள் 9 பேரிடத்தும் புதிதாகப் புற்றுத் தோன்றியதென 2008இல் அறிவிக்கப்பட்டது. எனவே முதற் கட்டியை அகற்றியபின்னும் காரணங்கள் ஓய்வதில்லை. புகைத்தலும் இத்தகையதே. புகைப்போரின் புண் ஆறத் தாமதமாகின்றது; சத்திரசிகிச்சையின் பின் நுரையீரல் நோய்கள் எளிதிற் பற்றுகின்றன; அவர்தம் வாழ்நாளும் புகையாதாரினதிலும் குறுகியதெனப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

உண்ணும் முறையும் உயிரோடு தொடர்புடையது. இரைப்பையை இழந்தவர் சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணல் வேண்டும். உடல் மெலிந்தால் தொடர்ந்து கொடுக்கப்படும் மருந்துகளைத் தாங்கும் வலிமை குன்றும். இரைப்பை முற்றாக அகற்றப்பட்டால் உயிர்ச்சத்து பி12 உணவிலிருந்து போதியளவு உடலிற் சேராது. ஆதலின் அதனை ஊசி மூலமோ வேறு வகையிலோ வாழ்நாள் முழுவதும் பெறல் வேண்டும்.

எனினும் ஒன்று நோக்கற்பாலது. நன்கு உண்டு உலாவுவோர் நெடிது வாழ்கின்றனர் எனக் கண்டவுடன், உணவும் உலாவலுமே அதற்குக் காரணமென முடிவு கட்டலாகாது. நோய் கடுமையாக இல்லாமையாலேயே அவர்களால் உண்ணவும் உலாவவும் இயன்றிருக்கலாம். நோயாளியைப் பழித்தலும் முறையன்று. அக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே உடலிற் புகுவது. அதனைத் தேடிக்கொண்டவர் எவருமிலர். புகையாத, மது அருந்தாத பலரும் இந்நோய்க்கு இரையாயினர். நேற்றைய காரணங்கள் பல நோயாளியின் கையில் இருந்தவையல்ல. ஆயின் இன்று சுருட்டைக் கைவிடுதலும், உரிய காலத்தில் வைத்தியரை நாடுதலும், சிறுகச் சிறுக உண்டு உடலைப் பேணுதலும் அவர் கையிலுள்ளன. பில்றொத்தின் காலத்து நோயாளிக்குக் கிட்டாத வாய்ப்பு இதுவே.