நெற்காணிச் சட்டமும் வாரக்குடிகளும்

1956இல் அமைந்த பண்டாரநாயக்கா அரசில் விவசாய, உணவு அமைச்சராக விளங்கியவர் பிலிப் குணவர்த்தனா. வயற்காணிச் சொந்தக்காரனுக்கும் வாரக்குடிக்குமிடையே நிலவிய உறவைச் சட்டத்தினால் மாற்றியமைக்க அவர் முன்வைத்த யோசனைகள், ஆளுங்கட்சியினருள்ளேயே கடும் எதிர்ப்பைத் தோற்றுவித்தன.

சிங்களப் பகுதிகளில் 'அந்தே' எனப்பட்ட வாரமுறையில் விளைச்சலின் அரைப்பங்கு சொந்தக்காரனைச் சேர்ந்தது. விதைநெல், எருமை ஆகியவற்றை அவனிடமே பெற்றிருப்பின் அவற்றுக்கான நெல்லும் களத்திலேயே கழிக்கப்படும். எஞ்சியதே உழுதவனுக்கு. அடுத்த போகமும் அவ்வயல் அவனுக்குக் கிடைக்குமா என்பது சொந்தக்காரனின் மனத்தைப் பொறுத்தது. அம்பாந்தோட்டை, மட்டக்களப்பு மாவட்டங்களைக் கருதி 1953இல் இயற்றப்பட்ட முன்னைய சட்டமும் இந்நிலையைப் பெரிதும் மாற்றவில்லை.

1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் வாரக்குடிக்கு நிலையானதும் வழிவழி உரியதுமான பயிர்ச்செய்கை உரிமையை வழங்கியது. வாரத்தையும் விளைச்சலின் கால்பங்குக்கு மேற்படாதவாறு வரையறுத்தது. கிராமந்தோறும் பயிர்ச்செய்கைக் குழுக்கள் அமைக்கப்படவிருந்தன.

ஆயினும், சட்டம் நாடு முழுவதும் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை. மாவட்டம் மாவட்டமாகவே விரிவாக்கப்பட்டது. பலவீனங்கள் யாவற்றிலும் கொடியது இதுவே எனலாம். வரப்போவதை முன்னறிந்த சொந்தக்காரர் பலர் வாரக்குடிகளை வெளியேற்றினர். வேறு சிலர் அவர்களையே கூலியாட்கள் என்று கூறிக்கொண்டனர். குடியைக் காக்க எழுந்த யோசனையே அவனை வயலிலிருந்து இறக்குவதற்கும் காலாயிற்று. 1959 மே மாதத்தில் அமைச்சரவைப் பிணக்கு முற்றிப் பிலிப் குணவர்த்தனா பதவி துறந்தார். சட்டத்தை ஈன்றவரே அதனை நடத்தும் பொறுப்பில் இல்லாது போனார்.

வெளியேற்றப்படாதவர் நிலையும் முற்றாகச் சீர்ப்படவில்லை. கால்பங்கு என்று சட்டம் கூறியபோதும், பல இடங்களில் அரைப்பங்கே தொடர்ந்து அளக்கப்பட்டது. இதனை அறியாமை என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. விதைக்கும் கடனுக்கும் அதே சொந்தக்காரனின் வாசலை நாட வேண்டியவன் சட்டத்தைக் காட்டி நெல்லைக் குறைத்தளக்க எங்ஙனம் துணிவான்? கடனுக்கு மாற்றுவழி காணாது வாரத்தை மட்டும் குறைத்தமை இங்கே இடறியது. முறையிடத் துணிந்தவனுக்கோ வேறொரு தடை. வாரம் வாய்ச்சொல்லால் ஏற்பட்டது, எழுத்தில் யாதுமில்லை. அவன் அவ்வயலை உழுதான் என்பதற்குச் சான்று பகரவேண்டியவன் அடுத்த வயலின் குடி. அவனுக்கும் பெரும்பாலும் அதே சொந்தக்காரன்தான்.