பிரேக் பெடல் பஞ்சு மாதிரி இறங்குதா? பழைய காரில் தடா வழியாகத் திருப்பதி போகும் முன் பார்க்க வேண்டியவை

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் போனால் தடா. அங்கே இடதுபுறம் திரும்பி வரதய்யபாளையம், காளஹஸ்தி வழியாகத் திருப்பதி போகிறவர்கள் ஏராளம். சமதரையில் ஓடும் இந்தப் பாதையில் பிரேக்குக்கு வேலை குறைவு. அதனால் பெடல் கொஞ்சம் 'லூசாக' இருந்தாலும் பலர் கண்டுகொள்வதில்லை. சோதனை வருவது திருமலையிலிருந்து இறங்கும்போது. 1944-ல் போடப்பட்ட முதல் மலைப்பாதைதான் இன்று இறங்கும் பாதை. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தது.

மாருதி 800, அம்பாசிடர் போன்ற வண்டிகளை இன்னமும் ஓட்டுபவர்கள், பெடல் எப்படி இறங்குகிறது என்பதைக் கவனித்தாலே பழுது எங்கே என்று பெருமளவு ஊகித்துவிடலாம்.

பெடல் ஏன் மென்மையாகிறது?

நீங்கள் மிதிக்கும் அழுத்தத்தை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரங்களுக்குக் கொண்டுபோவது பிரேக் ஆயில். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். குழாயில் கொஞ்சம் காற்று புகுந்தாலும் உங்கள் மிதி அந்தக் காற்றை அமுக்குவதிலேயே வீணாகிவிடும். மெக்கானிக்குகள் 'ஏர் லாக் ஆயிருக்கு' என்று சொல்வது இதைத்தான்.

ஆனால் எல்லாவற்றுக்கும் காற்று காரணமல்ல. 'ஏர் எடுத்தா சரியாயிடும் சார்' என்று சோதிக்காமலே சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்.

வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?

வண்டியை சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் தீர்ந்து பெடல் இறுகும். இப்போது காலை எடுக்காமல் ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் வைத்திருங்கள்.

பெடல் அசையாமல் நின்றால் நல்லது. மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால் எங்கோ அழுத்தம் கசிகிறது. சக்கரங்களின் உள்பக்கம், குழாய் இணைப்புகள், பெடலுக்கு மேலே ஃபயர்வால் பகுதி ஆகியவற்றில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே எங்கும் ஈரமில்லை, டப்பாவில் ஆயிலும் குறையவில்லை, ஆனாலும் பெடல் இறங்குகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு ஏர் எடுத்துப் பயனில்லை.

அடுத்து, பெடலை மிதித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாக உள்ளே போகும். இது பழுதல்ல, பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம். இதைப் பார்த்துப் பயந்து ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுபவர்களும் உண்டு.

முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாவது மிதியில் உயரத்தில் கெட்டியாக நின்றால், டிரம்மில் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கலாம். அம்பாசிடர் போன்ற வண்டிகளில் இதைக் கையால் அட்ஜஸ்ட் செய்தாக வேண்டும். உயரம் கூடினாலும் ரப்பர் பந்தை மிதிப்பதுபோலவே இருந்தால்தான் காற்று. பழைய ரப்பர் ஹோஸ் மிதிக்கும்போது உப்பினாலும் இதே உணர்வு வரும். ஒருவரை மிதிக்கச் சொல்லி, ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மலையில் மட்டும் மென்மையானால்?

இதுதான் ஆபத்தானது. காலையில் கெட்டியாக இருந்த பெடல், இறக்கத்தில் பாதி வழியில் தொளதொளவென்று ஆகும். காரணம் பழைய ஆயில். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டாட் 4-ல் இது 230, 155. இறக்கம் முழுக்க பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகும். ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும்.

சூடு ஆறியதும் பெடல் பழையபடி ஆகிவிடும் என்பதால், கீழே இறங்கி மெக்கானிக்கிடம் காட்டினால் 'நல்லாத்தானே இருக்கு' என்பார். பழவேற்காடு ஏரியின் உப்புக்காற்று வீசும் தடா போன்ற இடங்களில் ஓடும் வண்டிக்கு இரும்புக் குழாய்கள் துருப்பிடிக்கும் கவலையும் சேர்ந்துகொள்ளும். ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுவது பொதுவான நடைமுறை.

டப்பாவில் எதை ஊற்றலாம்?

மூடியில் எழுதியிருப்பதை மட்டும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றினால் ரப்பர் வாஷர்கள் உப்பிக் கெட்டு, எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும். திறந்து பல மாதமான பாட்டிலும் வேண்டாம். ஆயில் மட்டம் குறைந்திருந்தால் நிரப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள்: பேட் தேய்ந்தாலும் மட்டம் இறங்கும், கசிந்தாலும் இறங்கும். எது என்று பார்க்க வேண்டும்.

ஏர் எடுக்கும்போது, பெடல் மிதிபட்ட நிலையில் நிப்பிளைத் திறந்து, காலை எடுக்கும் முன் மூட வேண்டும். டப்பா காலியாகவே கூடாது. காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். வழக்கமாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்தில் தொடங்குவார்கள், ஆனால் வரிசை மாடலுக்கு மாடல் மாறும்.

ஓடும்போதே பெடல் இறங்கினால்?

வேகமாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள். கொஞ்சம் அழுத்தம் கிடைக்கக்கூடும். கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைப் படிப்படியாக இழுங்கள். சட்டென்று இழுத்தால் பின்சக்கரம் வழுக்கும். இன்ஜினை அணைக்காதீர்கள், பூஸ்டர் உதவி போய்விடும். சாவியை எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம். வண்டி நின்றபின், பெடல் திரும்பக் கெட்டியானாலும் அதை ஓட்டிக்கொண்டு போகாமல் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.