ஆப்பிள் மரப்பட்டையும் சர்க்கரை மாத்திரையும்

"இந்தச் செடியில பாலிஃபீனால் இருக்கு, இன்சுலின் சுரக்கிற செல்களைக் காப்பாத்தும்"னு ஒரு ஃபார்வர்டு உங்க ஃபேமிலி குரூப்புக்கும் வந்திருக்கும். அப்படி உண்மையாவே நடந்த ஒரு கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன். ஆனா அது ஃபார்வர்டு சொல்ற விதத்தில் நடக்கலை.

1835-ல் ஐரோப்பாவில், ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து ஒரு கசப்பான பொருளைப் பிரிச்சு எடுத்தாங்க. பேரு ஃப்ளோரிசின். இதுவும் ஒரு பாலிஃபீனால்தான். சிங்கோனா பட்டை மாதிரியே கசந்ததால, காய்ச்சலுக்கு மருந்தாகும்னு நம்பினாங்க.

1886-ல் ஜெர்மன் மருத்துவர் ஜோசப் ஃபான் மெரிங் இதை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். சிறுநீரில் சர்க்கரை கொட்டியது. 1889-ல் அவரும் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கியும் ஒரு நாயின் கணையத்தை எடுத்தாங்க. அதுக்கு நீரிழிவு வந்தது. அந்த நாயின் சிறுநீரிலும் சர்க்கரை!

பார்க்க ரெண்டும் ஒண்ணுதான், உள்ளே நேரெதிர். கணையம் இல்லாத நாய்க்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறி வழியுது. ஃப்ளோரிசின் கொடுத்த நாய்க்கோ, சிறுநீரகம் சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சாம வெளியே விட்டுடுது. ரத்தத்தில் சர்க்கரை ஏறுறதில்லை.

இனி நூறு வருஷம் தாண்டி 1987-க்கு வருவோம். அமெரிக்காவில் லூசியானோ ரோசெட்டி, ரால்ஃப் டிஃப்ரான்சோ குழுவினர் எலிகளின் கணையத்தில் சுமார் 90 சதவீதத்தை வெட்டி எடுத்தாங்க. மிச்சமிருந்த பீட்டா செல்கள், ஓயாத சர்க்கரையில் கிடந்து, இன்சுலின் சுரக்கத் திணறின. ஃப்ளோரிசின் கொடுத்து ரத்தச் சர்க்கரையை இறக்கினதும், அதே செல்கள் மறுபடி நல்லா சுரந்தன. அதாவது, ஃப்ளோரிசின் அந்த செல்களுக்குக் கவசம் மாட்டலை. தலையில இருந்த சுமையை இறக்கி வச்சது, அவ்வளவுதான்.

அப்போ பட்டையையே காய்ச்சிக் குடிக்கலாமா? முடியாது. ஃப்ளோரிசின் குடலிலேயே உடைஞ்சுபோயிடும். அதனால அதே அமைப்பை மாதிரியா வச்சு, குடலில் சிதையாத மூலக்கூறுகளைத் தேடினாங்க. அப்படி வந்த டாபாகிளிஃப்ளோசினுக்கு 2012-ல் ஐரோப்பா அனுமதி கொடுத்தது. 2020-ல் இந்தியாவில் காப்புரிமை முடிஞ்சதும், பல கம்பெனிகள் தயாரிக்க, விலையும் நல்லா இறங்குச்சு.

அதனால அடுத்த ஃபார்வர்டு வரும்போது மூணு கேள்வி கேளுங்க: எந்த மூலக்கூறு? எந்த உறுப்பில் வேலை செய்யுது? எவ்வளவு அளவு? பதில் இல்லைன்னா, அதை நம்பி வீட்டுல யாரும் இன்சுலினையோ மாத்திரையையோ நிறுத்தாம பார்த்துக்கோங்க. பட்டைக்கும் மாத்திரைக்கும் நடுவில் 177 வருஷ உழைப்பு இருக்கு. ஒரு டம்ளர் கஷாயத்தில் அதைத் தாண்டிட முடியாது.