புல்லில் பிறந்த குழல்

கொழும்பு புறக்கோட்டைப் பாத்திரக் கடைகளில் இன்று விற்பது பெரும்பாலும் அலுமினியப் பிட்டுக்குழல். சிங்களத்தில் அதற்கும் ‘பிட்டு பம்புவ’ என்றே பெயர். போர்த்துக்கீசர் வாயில் மம்புவாகவும் ஒல்லாந்தர் வாயில் பம்பூஸாகவும் புழங்கிய சொல்லின் உறவு அது. பாத்திரம் உலோகமான பிறகும் மூங்கில் பெயரில் தங்கிவிட்டது. நாம் சொல்லும் ‘குழல்’ செடியைக் குறிப்பதில்லை. உள்ளே துளையுள்ள வடிவத்தைக் குறிக்கிறது. ஆகவே மூங்கிலுக்கும் பொருந்தும், துப்பாக்கிக்கும் பொருந்தும்.

மூங்கிலுக்குத் தமிழில் வேய், கழை, அமை, வெதிர், பணை என்று பெயர்கள் பல. ஆனால் எனக்கு மிகப் பிடித்த சொல் புறக்காழ். காழ் என்றால் வயிரம். வெளியே வயிரம் பாய்ந்தது புல், உள்ளே பாய்ந்தது மரம் என்று தொல்காப்பிய மரபியல் பிரித்தது. இன்றைய தாவரவியலும் மூங்கிலைப் புற்குடும்பத்தில்தான் வைக்கிறது. புல்லாங்குழல் என்ற பெயரில் முன்னே நிற்பதும் இந்தப் புல்லே. எத்தனை கூர்மையான கண்கள்!

இலங்கையில் எங்கும் காணும் மஞ்சள் மூங்கிலைச் சிங்களத்தில் ‘கஹ உண’ என்பார்கள். தாவரவியலில் பாம்புசா வல்காரிஸ். முள் இராது. மஞ்சள் தண்டில் பச்சைக் கோடுகள் ஓடும். 10 முதல் 20 மீற்றர் வரை உயரும். கணுவுக்குக் கணு 20 முதல் 45 சென்ரிமீற்றர். சுவர் 7 முதல் 15 மில்லிமீற்றர் தடிப்பு. பிட்டுக்குழலுக்கு இந்த அளவே போதும்: ஒரு கணுவிடையை அறுத்து, வெளியே கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, அடியில் துளையிட்ட சிரட்டைச் சில்லு ஒன்றைப் போட்டால் முடிந்தது. கயிறு இருப்பதால் கை சுடாது, ஆவியில் தண்டும் எளிதில் வெடிக்காது. பனை மலிந்த யாழ்ப்பாணத்தில் இதே வேலையை ஓலையில் இழைத்த நீத்துப்பெட்டி செய்கிறது.

மஞ்சள் மூங்கில் பூப்பது அபூர்வம். தண்டை வெட்டி நட்டே பெருக்குகிறார்கள். மூங்கிலரிசி தருவது முள்மூங்கில். அது பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, நெல்லை உதிர்த்துவிட்டு மடியும். பாரியின் பறம்பு மலையில் உழவர் உழாமல் விளைபவற்றில் சங்கப் புலவர் கபிலர் முதலில் சொல்வது மூங்கில் நெல்லைத்தான்.

மூங்கில் குழல் எங்காவது கண்ணில் பட்டால் வாங்குங்கள். ஊசி குத்தியதுபோல் துளை இருந்தால் மட்டும் வேண்டாம். மாச்சத்து மிகுந்த தண்டில் வண்டு எளிதில் ஏறும். கழுவியதும் நன்றாகக் காயவையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும்.