நூறு டாலர் மடிக்கணினி: பெரு நாட்டின் அனுபவம்

வளரும் நாடுகளின் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் நூறு அமெரிக்க டாலர் விலையில் ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நிக்கலஸ் நெக்ரோபான்டே 2005ஆம் ஆண்டு அறிவித்தார். அவ்வாண்டு நவம்பரில் துனிஸ் நகரில் அதன் மாதிரி வெளியிடப்பட்டது. மின்சாரமற்ற ஊர்களை மனதிற்கொண்டு, கையால் சுற்றி மின்னூட்டும் கைப்பிடியும் அதில் பொருத்தப்பட்டிருந்தது. ஆனால் 2007ஆம் ஆண்டின் இறுதியில் உற்பத்தி துவங்கியபோது கைப்பிடி கைவிடப்பட்டிருந்தது. விலையும் 190 டாலரை நெருங்கியிருந்தது.

இக்கணினிகளை மிக அதிக அளவில் வாங்கிய நாடு தென் அமெரிக்காவின் பெரு. சுமார் 20 கோடி டாலர் செலவில் 8 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளை அது வாங்கியது. முதலில் வறிய கிராமப்புறப் பள்ளிகளுக்கு அவை அனுப்பப்பட்டன.

அங்குள்ள 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவுகளை அமெரிக்க நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி வங்கி 2012ஆம் ஆண்டு வெளியிட்டது. கணிதத்திலோ மொழிப்பாடத்திலோ முன்னேற்றம் ஏற்படவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் மட்டும் ஓரளவு வளர்ச்சி தென்பட்டது. ஆய்வுக்குட்பட்ட பள்ளிகளில் இணைய இணைப்பு அநேகமாக இருக்கவில்லை. கணினியைப் பாடத்துடன் இணைத்துக் கற்பிக்க ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சியும் இல்லை. பழுதாகுமோ, களவு போகுமோ என்ற அச்சத்தால் பல பிள்ளைகளுக்கு அவை வீட்டுக்குக் கொடுத்தனுப்பப்படவும் இல்லை.

இதே கணினியை 2007ஆம் ஆண்டு முதல் வழங்கிய உருகுவே வேறு பாதையில் சென்றது. கணினியுடன் பள்ளிகளுக்கு இணைய இணைப்பும் பழுதுபார்க்கும் வசதியும் அங்கு சேர்த்தே திட்டமிடப்பட்டன. மலைகளற்ற சிறிய நாடு என்பதால் இது அதற்கு எளிதாயிற்று. அங்கும் கணித மதிப்பெண்கள் உடனடியாக உயர்ந்துவிடவில்லை. எனினும் 2020ஆம் ஆண்டில் கொரோனா பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஏற்கெனவே இருந்த கட்டமைப்பைக் கொண்டு இணையவழிக் கல்வியை உருகுவே விரைவாகத் தொடர முடிந்தது. பெருவோ தொலைக்காட்சியையும் வானொலியையும் பெரிதும் சார்ந்திருக்க நேர்ந்தது.

உலகின் தொடக்கப் பள்ளிகளில் 40 சதவீதமே இணைய வசதி பெற்றுள்ளதாக யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. கருவி வாங்குவது ஒருமுறைச் செலவு. மின்சாரம், இணைப்பு, பராமரிப்பு, ஆசிரியர் பயிற்சி ஆகியவையோ ஆண்டுதோறும் தொடரும் செலவுகள். இந்த இரண்டாவது கணக்கைத் தவிர்க்கும் அரசுகளின் பிள்ளைகளுக்கு, கையில் கணினி இருந்தும் அதன் முழுப் பயன் கிட்டுவதில்லை என்பதையே பெருவின் அனுபவம் உணர்த்துகிறது.