சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் விஸ்கி

சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் விஸ்கி என்பது ஸ்காட்லாந்தில் உள்ள ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லி (வாற்கோதுமை), நீர், ஈஸ்ட் ஆகியவற்றை மட்டும் கொண்டு தயாரிக்கப்பட்டு, ஓக் மரப் பீப்பாய்களில் குறைந்தது மூன்று ஆண்டுகள் முதிரவைக்கப்படும் மதுபானம் ஆகும். இதன் புட்டிகளில் 10, 12, 18 என அச்சிடப்படும் எண், விஸ்கி பீப்பாயில் கழித்த ஆண்டுகளைக் குறிக்கிறது. பொதுவாக இவ்வெண் கூடும்போது விலையும் கூடுகிறது. எனினும் இது காலத்தின் அளவே அன்றித் தரத்தின் அளவு அன்று. சுவையானது பீப்பாயின் தன்மை, புகையூட்டல், வடிசாலையின் முறை, அருந்துவோரின் விருப்பம் எனப் பலவற்றைப் பொறுத்து அமைகிறது.

பெயரும் வரையறையும்

விஸ்கி என்ற சொல், கேலிக் மொழியில் "உயிர் நீர்" எனப் பொருள்படும் தொடரிலிருந்து தோன்றியது. "சிங்கிள்" என்பது ஒரே வடிசாலையைக் குறிக்கும். ஒரே பீப்பாயை அன்று. ஒரு புட்டியில் ஒரே வடிசாலையின் பல பீப்பாய்களிலிருந்து எடுத்த விஸ்கி கலந்திருக்கலாம். "மால்ட்" என்பது முளைகட்டிய தானியத்தைக் குறிக்கும்.

2009 ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி ஒழுங்குவிதிகளின்படி, பீப்பாயின் கொள்ளளவு 700 லிட்டருக்கு மேற்படக் கூடாது. முதிர்வு ஸ்காட்லாந்திலேயே நிகழ வேண்டும். புட்டியில் ஆல்ககாலின் அளவு 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. நீரும் சாதாரண கேரமல் நிறமியும் தவிர வேறெதையும் சேர்க்க இயலாது. நிறமி அனுமதிக்கப்படுவதால், அடர்ந்த நிறத்தைக் கொண்டு விஸ்கியின் வயதைக் கணிப்பது சரியாகாது.

வரலாறு

ஸ்காட்லாந்தில் வடித்தல் பற்றிய பழைய பதிவு 1494 ஆம் ஆண்டின் அரச கருவூலக் கணக்கில் காணப்படுகிறது. 1823 ஆம் ஆண்டின் கலால் சட்டம் உரிமம் பெற்று வடிப்பதை எளிதாக்கியது. 1830 வாக்கில் ஈனியாஸ் காஃபி உருவாக்கிய தொடர் வடிகலன், மலிவான தானிய விஸ்கியைப் பேரளவில் தயாரிக்க வழிவகுத்தது. இதனுடன் மால்ட் விஸ்கியைச் சேர்த்த கலவை விஸ்கிகளே பின்னர் சந்தையை ஆண்டன.

முதிர்வுக் காலம் சட்டப்படி கட்டாயமானது முதல் உலகப் போரின்போது ஆகும். 1915 இல் இரண்டு ஆண்டுகள் என விதிக்கப்பட்ட இக்காலம் அடுத்த ஆண்டில் மூன்றாக உயர்த்தப்பட்டது. 1963 இல் கிளென்ஃபிடிக் வடிசாலை தன் மால்ட் விஸ்கியைக் கலவைக்குத் தராமல் தனியே வெளிநாடுகளில் விற்கத் தொடங்கியது. இன்றைய சிங்கிள் மால்ட் சந்தையின் தொடக்கமாக இது கருதப்படுகிறது.

பீப்பாயில் நிகழ்வது

புதிதாக வடித்த சாராயம் நிறமற்றது. பீப்பாயில் மூன்று வகை மாற்றங்கள் நிகழ்கின்றன.

முதலாவது, நீக்கம். கருக்கப்பட்ட உட்புற மரம் கந்தகச் சேர்மங்களை ஈர்த்து, புதுச் சாராயத்தின் கடுமையைக் குறைக்கிறது. இரண்டாவது, சேர்க்கை. மரத்திலிருந்து வனிலா மணம் தரும் வனிலினும், தேங்காய் மணம் தரும் லாக்டோன்களும், துவர்ப்புத் தரும் டானின்களும் கரைகின்றன. மூன்றாவது, மெதுவான ஆக்சிசனேற்றம். இதனால் பழ மணம் தரும் எஸ்டர்கள் உருவாகின்றன.

பெரும்பாலான பீப்பாய்கள் ஏற்கனவே வேறு மது இருந்தவை. அமெரிக்காவில் போர்பன் விஸ்கியைப் புதிய ஓக் கலன்களில் மட்டுமே முதிரவைக்க வேண்டும் என்பது சட்டம். ஆதலால் ஒருமுறை பயன்படுத்திய, ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளும் பீப்பாய்கள் அங்கிருந்து பெருமளவில் வருகின்றன. இவை வனிலா, தேன் போன்ற சுவைகளைத் தருகின்றன. ஸ்பெயினின் ஷெர்ரி மது இருந்த பீப்பாய்கள் உலர்திராட்சை, மசாலாப் பொருட்கள் போன்ற சுவைகளைத் தருகின்றன. இவை விலை மிக்கவை.

பலமுறை பயன்படுத்திய பீப்பாய் தன் ஆற்றலை இழந்துவிடும். அதில் 20 ஆண்டுகள் இருந்த விஸ்கியைவிட, நல்ல பீப்பாயில் 10 ஆண்டுகள் இருந்த விஸ்கி செறிவாக இருக்கலாம். மாறாக, வீரியமுள்ள பீப்பாயில் நெடுங்காலம் இருந்தால் மரத்தின் துவர்ப்பு மிகுந்து, தானியத்தின் சுவை மறைந்துவிடும்.

வயதுக் குறிப்பு

பல பீப்பாய்களின் விஸ்கி கலந்திருந்தால், அவற்றுள் இளையதன் வயதையே புட்டியில் குறிக்க வேண்டும். 25 ஆண்டு விஸ்கியுடன் சிறிதளவு 8 ஆண்டு விஸ்கி சேர்ந்தாலும் அது 8 ஆண்டு விஸ்கியே. வயது குறிக்காமல் விற்பதும் சட்டப்படி சரியானதே. ஆர்ட்பெக் வடிசாலையின் ஊகடல் இவ்வகையைச் சேர்ந்தது.

ஒயினைப் போல் விஸ்கி புட்டிக்குள் முதிர்வதில்லை. 12 ஆண்டு விஸ்கியை வாங்கி வீட்டில் பத்து ஆண்டுகள் வைத்திருந்தாலும் அது 12 ஆண்டு விஸ்கியாகவே இருக்கும்.

சுவையும் விருப்பமும்

சட்டம் ஹைலேண்ட், லோலேண்ட், ஸ்பேசைடு, கேம்பல்டவுன், ஐலா என ஐந்து வட்டாரங்களை ஏற்கிறது. ஆயினும் வட்டாரத்தைக் கொண்டு சுவையை உறுதியாகச் சொல்ல இயலாது. ஐலா தீவின் லாஃப்ராய்க், ஆர்ட்பெக், லகவூலின் ஆகியவை புகைச் சுவைக்குப் பெயர் பெற்றவை. முளைகட்டிய பார்லியைப் பீட் எனப்படும் முற்றா நிலக்கரியின் புகையில் உலர்த்துவதால், பீனால் சேர்மங்கள் அதில் படிகின்றன.

முதிர முதிரப் புகைச் சுவை மென்மையாகிறது. எனவே புகையை விரும்புவோருக்கு 10 ஆண்டு விஸ்கி, 25 ஆண்டு விஸ்கியைவிட நிறைவு தரக்கூடும். இதே புகை சிலருக்கு மருத்துவமனை நெடியை நினைவூட்டும். இதில் சரி, தவறு என்று ஒன்றும் இல்லை.

நீர் சேர்ப்பதும் அவரவர் விருப்பமே. ஸ்வீடனின் லின்னேயசு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017 இல் வெளியிட்ட கணினி உருவகப்படுத்தல் ஆய்வு, ஆல்ககால் 45 விழுக்காடு வரை உள்ள கலவையில் புகை மணம் தரும் குவாயகால் என்ற சேர்மம் பெரிதும் மேற்பரப்பில் தங்குவதைக் காட்டியது. நீர் சேர்த்தால் மணம் கூடுவதற்கு இது ஒரு விளக்கமாகும்.

விலை

வயதுடன் விலை உயர்வதற்கு முதற்காரணம் ஆவியாதல் ஆகும். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு ஆவியாகிறது. இது "தேவதைகளின் பங்கு" எனப்படுகிறது. இவ்வீதப்படி 200 லிட்டர் சாராயம் 12 ஆண்டுகளில் 157 லிட்டராகவும், 18 ஆண்டுகளில் 139 லிட்டராகவும், 30 ஆண்டுகளில் 109 லிட்டராகவும் குறையும். இத்துடன் கிடங்குச் செலவும், முடங்கிய முதலுக்கான வட்டியும் சேர்கின்றன. ஆல்ககால் 40 விழுக்காட்டுக்குக் கீழே சென்றுவிட்டால் அதை விஸ்கியாக விற்கவும் முடியாது.

ஆவியாதல் தட்பவெப்பத்தைப் பொறுத்தது. 2004 இல் கிளாஸ்கோவில் அறிமுகமான பெங்களூரின் அம்ருத் சிங்கிள் மால்ட், ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கும் மேல் இழக்கிறது. வெப்பத்தில் முதிர்வும் விரைவாக நிகழ்வதால், ஆண்டுக் கணக்கு இரு நாடுகளுக்கும் ஒன்றாகாது.

வரி வயதைப் பார்ப்பதில்லை. பிரித்தானியாவில் 2025 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வீதம், லிட்டர் தூய ஆல்ககாலுக்கு 32.79 பவுண்டாக இருந்தது. இதன்படி 40 விழுக்காடு ஆல்ககால் உள்ள 700 மில்லிலிட்டர் புட்டிக்கு, இளையதாயினும் முதியதாயினும், 9.18 பவுண்டு கலால் வரியாக இருந்தது. அதன்மேல் 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி. மலிவான புட்டியின் விலையில் வரியே பெரும்பகுதி என்பதால், அதைவிடச் சற்றே விலை கூடிய புட்டியில் விஸ்கிக்கெனச் செல்லும் பணம் கணிசமாகக் கூடுகிறது. இந்தியாவில் ஸ்காட்ச் மீதான இறக்குமதித் தீர்வை நெடுங்காலம் 150 விழுக்காடாக இருந்தது. 2025 சூலையில் கையெழுத்தான இந்திய-பிரித்தானிய வணிக உடன்பாடு, இதை 75 விழுக்காடாகவும், பத்து ஆண்டுகளில் 40 விழுக்காடாகவும் குறைக்க வகைசெய்கிறது.

அருமையும் விலையை ஏற்றும். 1980களின் மிகை உற்பத்தியால் போர்ட் எலன், புரோரா ஆகிய வடிசாலைகள் 1983 இல் மூடப்பட்டன. எஞ்சிய அவற்றின் விஸ்கி பின்னர் சேகரிப்போரால் பெருவிலைக்கு வாங்கப்பட்டது. புரோரா 2021 இலும் போர்ட் எலன் 2024 இலும் மீண்டும் திறக்கப்பட்டன.

அரிய புட்டிகளும் போலிகளும்

1926 இல் வடிக்கப்பட்டு, 60 ஆண்டுகள் பீப்பாயில் இருந்த மக்காலன் விஸ்கியின் ஒரு புட்டி, 2023 நவம்பரில் இலண்டன் ஏலத்தில் 21 இலட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. இத்தகைய விலை சுவைக்காக அன்றி, அருமைக்காகத் தரப்படுவதாகும்.

2017 இல் சுவிட்சர்லாந்தின் ஒரு விடுதியில், 1878 ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்பட்ட மக்காலனின் ஒரு கோப்பைக்கு விருந்தினர் ஒருவர் ஏறத்தாழ 10,000 பிராங்கு செலுத்தினார். ஐயம் எழவே, விடுதி அதை ஆய்வுக்கு அனுப்பியது. அது பெரும்பாலும் 1970க்கும் 1972க்கும் இடையில் தயாரான விஸ்கி என்று கார்பன் காலக்கணிப்பு காட்டியது. மேலும் அது மால்ட் அன்று, கலவை விஸ்கியே என்றும் தெரிந்தது. விடுதி பணத்தைத் திருப்பித் தந்தது. 2018 இல் ஸ்காட்லாந்தில் இதே முறையில் சோதிக்கப்பட்ட 55 அரிய புட்டிகளில் 21, போலியாகவோ குறித்த ஆண்டைச் சேராதவையாகவோ இருந்தன.