நாட்டுக்கூட்டம் முதல் பஞ்சப்படி வரை

நீதிமன்றப் படியேறாமலே ஊர் வழக்கை ஊரார் தீர்த்த காலத்தை எண்ணிப் பெருமூச்சு விடுவோர் நம்மிடையே பலர். அம்முறையின் வலிமை எது, வரம்பு எது என்பதைத் திருப்பூர் வட்டாரத்தை முன்வைத்துக் காண்போம்.

கொங்கு மண்டலத்தை 24 நாடுகளாகப் பகுத்துரைப்பது மரபு. அவற்றுள் காங்கேய நாட்டில் 1960களில் தங்கி ஆய்ந்த பிரெண்டா பெக், நாடு, ஊர், கோயில், குலம் ஆகியவற்றின் பிணைப்பை 1972இல் வெளியான தம் நூலில் விவரித்தார். நெசவுத் தொழிலரான செங்குந்தர்க்கோ 72 நாடுகள். காஞ்சிபுரம் அவற்றின் தலைமையிடம் என்பதை 1909இல் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்தார்.

கோயில் முன்றிலில் கூடுவர், இரு தரப்பும் கேட்கப்படும், சாட்சி இல்லாவிடத்துச் சாமி முன் சத்தியம், குற்றத்திற்கு அபராதம். நாளையும் ஒரே ஊரில் வாழ வேண்டியவர்கள் என்பதால், வெற்றி தோல்வியைவிட இணக்கமே பெரிதாயிற்று. இணங்காதவனுக்கோ தள்ளிவைப்பு. முறையின் வலிமையும் கொடுமையும் அந்த ஒரு சொல்லில்தான் இருந்தன. கூட்டத்தில் பெண்களுக்கு இருக்கை இல்லை. அருந்ததியர் விலகி நின்றே தீர்ப்பைக் கேட்டனர்.

பனியன் தொழில் வளர்ந்தபோது, உழவுக் குடிகளிலிருந்து கூலிகளாக வந்த பலர் முதலாளிகளாயினர். 2004இல் வெளிவந்த ஷரத் சாரியின் ஆய்வு இதை விரித்துரைக்கிறது. உறவும் ஊரும் ஒன்றாயிருந்தும், 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாட்கள் வேலைநிறுத்தம் நடந்தது. முன்பணத்தையும் கைமாற்றையும் உறவு சொல்லிக் கேட்கலாம். உரிமையை அவ்வாறு கேட்க இயலாது. தொழிற்சங்கத்தின் வழியே, பல சாதித் தொழிலாளர் ஒரு தரப்பாக அமர்ந்து பேசினர். பேசித் தீர்க்கும் பழைய வழக்கம் அங்கு மறையவில்லை. உட்காரும் இடந்தான் மாறியது.

கட்டப்பஞ்சாயத்துகள் சட்டவிரோதம் என 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்சநீதிமன்றம் அறிவித்தது. மணவுரிமையிலும் உயிரிலும் கைவைக்கும் கூட்டத்தை மரபென்று போற்ற நமக்கு உரிமையில்லை.

இன்று திருப்பூரின் தையல் எந்திரங்கள் முன் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தோர் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இங்கே நாடும் இல்லை, குலக்கோயிலும் இல்லை. முன்னோரின் முறையில் பேணத்தக்கது, இரு தரப்பையும் அருகமர்த்திக் கேட்கும் பொறுமை. அவ்விருக்கை இவர்களுக்கும் கிடைக்கும்போதே அது நீதியாகும்.